இணைய சேவை வழங்குநர் நம் தரவிறக்கங்களை எதுவரை பார்க்கிறார்?

அகல்விளக்கு எழுதியது:

எங்கள் வீட்டு இணைப்பை வழங்கும் நிறுவனத்திடமிருந்து அண்மையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. குறிப்பிட்ட ஒரு நாளில் எங்கள் ஐபி முகவரியிலிருந்து பதிப்புரிமை உள்ள ஒரு கோப்பு டோரண்ட் வழியாகப் பகிரப்பட்டதாகவும், உரிமையாளர் தரப்பிலிருந்து புகார் வந்திருப்பதாகவும், மீண்டும் நடந்தால் இணைப்பு துண்டிக்கப்படலாம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கோப்பை இறக்கியது யார் என்பதை வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டோம். அதை இங்கே விவாதிக்க வரவில்லை. என்னை உறுத்துவது வேறு. அந்தக் கோப்பின் பெயர் வரைக்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், நாங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பது, மருத்துவக் குறிப்புகளைத் தேடுவது, யாரிடம் என்ன பேசுகிறோம் என்பது எல்லாமே அவர்களுக்குத் தெரிந்துகொண்டிருக்கிறதா? தெரிகிறது என்றால் அதை எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முடிச்சவிழ் எழுதியது:

அந்த மின்னஞ்சலை அனுப்பியது உங்கள் சேவை வழங்குநர்தான். ஆனால் கோப்பைக் கண்டுபிடித்தவர் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் கவலையில் பாதி இடம் மாறிவிடும்.

பிட்டொரண்ட் முறையில் ஒரு கோப்பு ஒரே சர்வரிலிருந்து வருவதில்லை. அதை ஏற்கனவே வைத்திருப்பவர்களும், அந்நேரத்தில் இறக்கிக்கொண்டிருப்பவர்களும் சேர்ந்த ஒரு கூட்டத்திலிருந்து துண்டு துண்டாக வருகிறது. அந்தக் கூட்டத்தில் எந்தெந்த ஐபி முகவரிகள் இருக்கின்றன என்பதை டிராக்கர் எனப்படும் சர்வரோ, டிஎச்டி எனப்படும் பரவலான அட்டவணையோ, கேட்கிற எவருக்கும் சொல்லிவிடும். சொல்லாவிட்டால் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளவே வழியில்லை. உரிமையாளர்கள் அமர்த்தும் கண்காணிப்பு நிறுவனங்கள் இந்தத் திறந்த கதவு வழியாகவே உள்ளே வருகின்றன. அவர்களின் கணினியும் கூட்டத்தில் ஓர் உறுப்பினராகச் சேர்கிறது. பட்டியலைக் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு முகவரியையும் போர்ட் எண் (ஒரே முகவரியில் ஓடும் இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் எண்), நேரம், கோப்பின் அடையாளமான இன்ஃபோஹாஷ் ஆகியவற்றோடு குறித்துக்கொள்கிறது. கவனமாகச் செய்பவர்கள் உங்களிடமிருந்து ஒரு துண்டையாவது பெற்றுச் சரிபார்ப்பார்கள். பிறகு அந்த ஐபி எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதைப் பொதுப் பதிவேட்டில் பார்த்து, அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்புவார்கள். இது வரைக்கும் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அந்த முகவரி எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்ற பதிவு சேவை வழங்குநரிடம் இருக்கிறது. அவர் அதைப் பார்த்துப் புகாரை உங்களுக்குத் தள்ளிவிடுகிறார்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். டோரண்ட் மென்பொருளில் குறியாக்கத்தை, அதாவது தரவைப் பிறர் படிக்கமுடியாதபடி மாற்றும் வசதியை, இயக்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். நடுவழியில் நின்று பார்ப்பவருக்குத்தான் குறியாக்கம் தடை. இங்கே பார்ப்பவர் மறுமுனையில் இருக்கிறார். அவருக்காகவே நீங்கள் குறியாக்கத்தை அவிழ்த்துக் கொடுக்கிறீர்கள்.

எல்லாப் புகார்களும் கவனமாகத் தயாரிக்கப்படுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எந்தக் கோப்பையும் இறக்காத, இறக்கவே முடியாத கருவிகளின் ஐபி முகவரிகளை டிராக்கர்களிடம் வேண்டுமென்றே பதிவு செய்து பார்த்தார்கள். அவர்களின் அலுவலக அச்சுப்பொறிகளுக்குப் பதிப்புரிமை மீறல் புகார்கள் வந்து சேர்ந்தன. டிராக்கர் தந்த பட்டியலை மட்டும் நம்பி, மறுமுனையில் உண்மையில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்காமலே புகார் எழுதியிருந்தார்கள் என்பது அதனால் வெளிப்பட்டது.

கம்பிவழி எழுதியது:

நான் வலையமைப்புப் பராமரிப்பில் பணிபுரிபவன். முடிச்சவிழ் டோரண்ட் பற்றி எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். அகல்விளக்கு அவர்களின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது அன்றாடப் பயன்பாட்டில் எங்களுக்கு எது தெரியும் என்பதற்கு, நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

நீங்கள் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டியதும் முதலில் நடப்பது பெயர்த் தேடல். தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் ஐபி எண்ணைக் கேட்கும் டிஎன்எஸ் வினா, பெரும்பாலான வீடுகளில், சேவை வழங்குநரின் சர்வருக்கே போகிறது. அதுவும் குறியாக்கம் ஏதுமின்றி, போர்ட் 53 வழியாக. வேறு நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரை நீங்கள் அமைத்திருந்தாலும், வினா குறியாக்கம் செய்யப்படாதது என்றால் எங்கள் கம்பியைக் கடக்கும்போது அதைப் படிக்க முடியும். அடுத்தது டிஎல்எஸ் எனப்படும் குறியாக்க இணைப்பு. உலாவி அனுப்பும் முதல் செய்தியிலேயே எந்தத் தளத்துக்கு வந்திருக்கிறோம் என்ற பெயர் எஸ்என்ஐ என்ற புலத்தில் வெளிப்படையாக இருக்கும். டிஎல்எஸ் 1.2 வரையில் தளத்தின் சான்றிதழும் வெளிப்படையாகவே வந்தது. 2018-இல் வெளியான 1.3 பதிப்பில் சான்றிதழ் மறைக்கப்பட்டுவிட்டது, ஆனால் எஸ்என்ஐ மிஞ்சி நிற்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் குறியாக்கத்துக்குள் போய்விடும். நீங்கள் ஒரு மருத்துவத் தளத்தைத் திறந்தீர்கள் என்பது தெரியும். அதில் எந்த நோயைப் பற்றிய பக்கத்தைப் படித்தீர்கள் என்பது தெரியாது. தேடுபொறிக்குப் போனது தெரியும். தேடிய சொல் தெரியாது. வங்கித் தளத்தின் பெயர் தெரியும். கடவுச்சொல்லோ இருப்புத் தொகையோ தெரியாது. எச்டிடிபிஎஸ் எனும் குறியாக்கம் இல்லாத பழைய தளம் என்றால் மட்டும் பக்கமும் படிவத்தில் நிரப்பியதும் அப்படியே தெரியும்; அத்தகைய தளங்கள் இப்போது அரிதாகிவிட்டன.

எனவே எங்கு போனீர்கள், எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை மெகாபைட் என்பன தெரியும். என்ன படித்தீர்கள் என்பது தெரியாது. இதைக் கேட்டு நிம்மதி அடைவோரும் உண்டு, கலங்குவோரும் உண்டு. என்னைப் பொறுத்தவரை, கலங்குவோருக்கே காரணம் கூடுதல்.

புதுத்தளிர் எழுதியது:

உலாவியில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்தால் இவை எதுவும் தெரியாமல் போகுமா?

முடிச்சவிழ் எழுதியது:

போகாது. அந்தச் சாளரம் உங்கள் கணினியில் வரலாற்றையும் குக்கிகளையும் சேமிக்காமல் விடுகிறது, அவ்வளவே. அதே கணினியைப் பயன்படுத்தும் வீட்டாருக்குத் தெரியாமல் இருக்க அது உதவும். கம்பியில் போகிற தரவுத் துண்டுகளை, அதாவது பொட்டலங்களை, அது மறைப்பதில்லை. அந்தச் சாளரத்தைத் திறந்ததும் வரும் குறிப்பிலேயே, சேவை வழங்குநருக்கு உங்கள் செயல்பாடு தெரியக்கூடும் என்று எழுதியிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை.

பழம்பதிவு எழுதியது:

கம்பிவழி அவர்களின் விளக்கம் நேர்மையானது. ஆனால் "தெரியும்" என்பதிலிருந்து "பயன்படுத்துவோம்" என்பதற்குச் செல்லும் தொலைவு எவ்வளவு குறுகியது என்பதை இந்தத் துறையின் வரலாறே காட்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் பேசுவது போதாது.

2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் பிட்டொரண்டில் பதிவேற்றும்போது, இரு முனைகளுக்கும் மறுமுனை இணைப்பை முறித்துக்கொண்டது போன்ற போலிப் பொட்டலங்களை அனுப்பி இணைப்புகளைத் துண்டித்தது அம்பலமானது. நிறுவனம் முதலில் மறுத்தது. பயனர்கள் இரு முனைகளிலும் பொட்டலங்களைப் பிடித்து ஒப்பிட்டுக் காட்டிய பிறகே உண்மை வெளிவந்தது. எந்தப் பொட்டலம் எந்த வகை என்று அடையாளம் காணாமல் இதைச் செய்திருக்க முடியாது. அதாவது கண்காணிப்பு என்பது எங்கோ ஒரு கோப்பில் எழுதிவைப்பதோடு நிற்பதில்லை. உங்கள் இணைப்பில் கைவைப்பதற்கும் அதுவே முதற்படி.

பிரிட்டனில் பிடி நிறுவனம், ஃபோர்ம் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தோடு சேர்ந்து, வாடிக்கையாளர்கள் பார்க்கும் பக்கங்களை வழியிலேயே படித்து அவர்களின் ஆர்வங்களை வகைப்படுத்தும் சோதனைகளை 2006-லும் 2007-லும், அவர்களுக்குச் சொல்லாமலே நடத்தியது. 2008-இல் அது வெளியே வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் தன் கைபேசி வாடிக்கையாளர்களின் குறியாக்கமற்ற ஒவ்வொரு வலைக் கோரிக்கையிலும் ஓர் அடையாள எண்ணைச் செருகி அனுப்பிக்கொண்டிருந்தது. குக்கியை அழித்தாலும் அழியாத எண் அது. பயனரின் கருவியில் அது இல்லாததால் அவரால் அழிக்கவும் முடியாது. 2014-இல் பலரும் கவனித்து எழுதிய பிறகு விசாரணை நடந்து, 2016 மார்ச்சில் 13.5 லட்சம் டாலர் அபராதத்தில் முடிந்தது.

அதே 2016-இல், உலாவல் வரலாற்றை விற்பதற்குமுன் வாடிக்கையாளரின் இசைவைப் பெறவேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் விதி இயற்றியது. விதி நடைமுறைக்கு வருவதற்குள் 2017 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை ரத்து செய்ய வாக்களித்தது; ஏப்ரலில் அதிபர் கையெழுத்திட்டுவிட்டார். உலாவல் வரலாறு யாருக்கும் தேவையில்லாத குப்பை என்றால், அந்த விதியை நீக்க இத்தனை அவசரம் ஏன் காட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கம்பிவழி எழுதியது:

பழம்பதிவு காட்டிய நிகழ்வுகளில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் படிப்பவர், ஒவ்வொரு சந்தாதாரரின் ஒவ்வொரு பொட்டலத்தையும் யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிவிடக்கூடும். நடைமுறையைச் சொல்கிறேன்.

பெரிய ரவுட்டர்களில் நெட்ஃப்ளோ போன்ற ஒரு பதிவு முறை ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: புறப்பட்ட ஐபி, சேர்ந்த ஐபி, இரு பக்கப் போர்ட்கள், நெறிமுறை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பொட்டலங்களின் எண்ணிக்கை, பைட்களின் எண்ணிக்கை. உள்ளடக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. போக்குவரத்து மிகுந்த இடங்களில் எல்லாப் பொட்டலங்களையும் எண்ணுவதுகூட இல்லை. ஆயிரத்தில் ஒன்று என்ற விகிதத்தில் மாதிரி எடுப்பது சாதாரணம். எந்தப் பாதையில் நெரிசல், எங்கிருந்து தாக்குதல் வருகிறது என்பதை அறிய அதுவே போதும். பொட்டலத்தின் உட்பகுதியைத் திறந்து ஆராயும் டிபிஐ கருவிகள் உண்டு. அவை விலை உயர்ந்தவை, குறியாக்கம் பரவியபின் அவற்றுக்குக் கிடைக்கும் தீனியும் குறைந்துவிட்டது. இப்போது அவை பெரும்பாலும் எஸ்என்ஐ பெயரையும் போக்குவரத்தின் வடிவத்தையும் வைத்து இது காணொளி, இது விளையாட்டு, இது டோரண்ட் என்று வகை பிரிப்பதோடு நிற்கின்றன.

வேறொரு பதிவும் உண்டு. எந்தச் சந்தாதாரருக்கு எந்த ஐபி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை கொடுக்கப்பட்டது என்பதே அது. அகல்விளக்கு அவர்களுக்கு வந்த மின்னஞ்சல் அதிலிருந்து பிறந்தது. மற்ற எந்தப் பதிவையும்விட அதை நான் கவலையோடு பார்க்கிறேன், ஏனென்றால் வெளியுலகம் வைத்திருக்கும் எண்களுக்கு அதுதான் பெயர் சூட்டுகிறது. ஒரு தளம் தன் வருகையாளர் பட்டியலில் எண்களை மட்டுமே வைத்திருக்கிறது; கண்காணிப்பு நிறுவனமும் எண்களை மட்டுமே வைத்திருக்கிறது. எங்கள் அட்டவணையோடு சேர்த்து வைத்தால் அவை எல்லாம் மனிதர்களாகிவிடும். அட்டவணையே இல்லாமல் நடத்தவும் முடியாது. ஒருவருடைய கணினி தீநிரல் தாக்கி எரிதம் (ஸ்பேம்) அனுப்பத் தொடங்கினால், யாரிடம் சொல்வது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சட்டத்தாள் எழுதியது:

அப்படியானால் உரிய கேள்வி, அந்த அட்டவணை எவ்வளவு காலம் இருக்கிறது, யார் கேட்டால் திறக்கப்படுகிறது என்பதாகும். இதற்கு உலகம் முழுவதும் ஒரே விடை இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஓர் ஆணை பிறப்பித்து, தொலைபேசி மற்றும் இணைய இணைப்பு குறித்த தரவுகளை 6 மாதம் முதல் 24 மாதம் வரை வைத்திருக்க உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்தியது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடின்றி எல்லாருடைய தரவையும் மொத்தமாகச் சேமிப்பது அடிப்படை உரிமைகளுக்கு அளவு மீறிய குறுக்கீடு என்று கூறி, ஐரோப்பிய நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8 அன்று அந்த ஆணையைச் செல்லாது என்றது. ஆஸ்திரேலியா அடுத்த ஆண்டே 2 ஆண்டுக் கட்டாயச் சேமிப்பைக் கொண்டுவந்தது. ஆனால் பார்வையிட்ட தளங்களின் பட்டியல் அதில் சேராது. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, இணைப்புப் பதிவுகளை, அதாவது எந்தச் சேவையோடு எப்போது இணைந்தீர்கள் என்ற விவரத்தை, 12 மாதம் வரை வைத்திருக்குமாறு நிறுவனங்களுக்கு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. அமெரிக்காவில் இத்தகைய பொதுவான கட்டாயச் சேமிப்புச் சட்டம் இல்லை; நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி வைத்துக்கொள்கின்றன.

பதிப்புரிமைப் புகாருக்கு வருவோம். சேவை வழங்குநர் ஏன் இந்த அஞ்சல்காரர் வேலையைச் செய்கிறார்? அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டம், மீண்டும் மீண்டும் மீறுபவர்களின் இணைப்பைத் துண்டிக்கும் கொள்கை ஒன்றை வைத்திருந்து அதை முறையாகச் செயல்படுத்தும் நிறுவனத்துக்கே சட்டப் பாதுகாப்பு என்கிறது. காக்ஸ் என்ற நிறுவனம் அப்படிச் செயல்படுத்தவில்லை என்று இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் நடுவர் குழு 100 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இப்படி ஒரு தொகை தலைக்குமேல் தொங்கினால், எந்த நிறுவனமும் புகாரின் தரத்தை ஆராய்ந்துகொண்டிருக்காது. வந்ததை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான சான்றைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளும்.

பிரான்ஸ் இதையே ஓர் அரசு அமைப்பின் வேலையாக ஆக்கியது. 2009-இல் உருவான அடோபி (HADOPI) அமைப்பு முதலில் மின்னஞ்சல், பிறகு பதிவுக் கடிதம், பிறகு இணைப்புத் துண்டிப்பு என்ற படிகளை வகுத்தது. துண்டிக்கும் தண்டனை 2013-லேயே கைவிடப்பட்டது. அமைப்பும் 2022 தொடக்கத்தில் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்போடு இணைந்து ஆர்காம் என்ற புதிய அமைப்பாகிவிட்டது. கவனிக்கத்தக்கது என்னவென்றால், 2014-இல் அவ்வளவு கண்டிப்பாகப் பேசிய அதே ஐரோப்பிய நீதிமன்றம், 2024 ஏப்ரல் 30 அன்று, ஐபி முகவரிக்கு உரியவரின் அடையாளத்தை இத்தகைய பதிப்புரிமை நடவடிக்கைக்காகப் பெறலாம் என்று, பிற தரவுகளிலிருந்து பிரித்து வைத்திருப்பது போன்ற நிபந்தனைகளோடு, அனுமதித்தது. எண்ணுக்குப் பெயர் சூட்டும் அட்டவணை என்று கம்பிவழி சொன்னாரே, சட்டம் மிக எளிதாகத் திறந்துவிடுவது அதைத்தான்.

மறைகாற்று எழுதியது:

இவ்வளவு பேச்சு எதற்கு? நல்ல விபிஎன் ஒன்றை வாங்கிப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்.

முடிச்சவிழ் எழுதியது:

தீராது, நண்பரே; இடம் மாறும்.

விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தைக் குறியாக்கம் செய்து வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அதைப் போட்டால் உங்கள் சேவை வழங்குநருக்கு ஒரே ஒரு சர்வரின் முகவரி தெரியும். அதோடு எப்போது இணைந்தீர்கள், எவ்வளவு தரவு போய்வந்தது என்பன தெரியும். தளங்களின் பெயர்கள் மறைந்துவிடும். டோரண்ட் கூட்டத்திலும் உங்கள் ஐபி முகவரிக்குப் பதிலாக விபிஎன் சர்வரின் முகவரி தெரியும். ஆனால் இதுவரை சேவை வழங்குநர் பார்த்த அத்தனையையும் இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும். அந்த நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது, யாருடையது, எதை எழுதிவைக்கிறது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. பதிவே வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த சில இலவச விபிஎன்களின் பதிவுக் கோப்புகள், பயனர்களின் உண்மையான ஐபி முகவரிகளோடு, பூட்டில்லாத ஒரு சர்வரில் கிடந்ததை 2020-இல் ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். மறுபுறம், 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறையினர் மல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு சென்று, அவர்கள் தேடிய வாடிக்கையாளர் தரவு அங்கே இல்லாததால் வெறுங்கையோடு திரும்பினார்கள். இரு வகையும் உண்டு. விளம்பர வாசகம் இரண்டுக்கும் ஒன்றே.

அரசுகளும் இதை அறிந்தே இருக்கின்றன. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஒதுக்கப்பட்ட ஐபி உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. பல வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டன.

மறைத்துக்கொள்வதே அடையாளமாகிவிடும் நிலையும் உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று, அனுப்புநரின் முகவரியை மறைக்கும் டோர் என்ற வலையமைப்பு வழியாக வந்தது. டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தை ஒட்டி வளாகத்தின் கம்பியில்லா வலையமைப்பிலிருந்து டோரோடு இணைந்தவர்கள் யார் என்று வலையமைப்புப் பதிவில் பார்த்தார்கள், ஒரு மாணவரிடம் போய் விசாரித்தார்கள், அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். என்ன அனுப்பினார் என்பது பதிவில் இல்லை. எப்போது, எதனோடு இணைந்தார் என்பது மட்டும் இருந்தது. விசாரணைக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. பதிப்புரிமை உள்ள கோப்புகளைப் பிடிபடாமல் இறக்குவது எப்படி என்று கேட்ட இரண்டு இடுகைகளை நீக்கியிருக்கிறேன். கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்பதே இங்கு பொருள், அதோடு நிற்போம்.

புதுத்தளிர் எழுதியது:

விபிஎன் வேண்டாம், பெயர்த் தேடலையும் எஸ்என்ஐ பெயரையும் மட்டும் மறைத்தால் போதும் என்று நினைக்கிறேன். டிஎன்எஸ் வினாவைக் குறியாக்கம் செய்யும் வசதி உலாவியிலேயே இருக்கிறதாமே?

கம்பிவழி எழுதியது:

இருக்கிறது. வினாவை டிஎல்எஸ் வழியாக அனுப்பும் முறை 2016-லும், சாதாரண வலைப் போக்குவரத்தைப் போலவே எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பும் முறை 2018-லும் தரப்படுத்தப்பட்டன. முதலாவது போர்ட் 853-ஐப் பயன்படுத்துவதால் அதை நாங்கள் அடையாளம் காணவும் தடுக்கவும் முடியும். இரண்டாவது போர்ட் 443-இல் மற்ற எல்லாவற்றோடும் கலந்துபோவதால் பிரித்தறிவது கடினம். எதைப் பயன்படுத்தினாலும், வினாக்களின் பட்டியல் இப்போது நீங்கள் தேர்ந்தெடுத்த டிஎன்எஸ் நிறுவனத்திடம் சேரும் என்பதை மறக்கவேண்டாம். சிலர் தம் உள்ளூர்ச் சேவை வழங்குநரை நம்பாமல், உலகின் பெரிய நிறுவனங்கள் இரண்டோ மூன்றோ எல்லாருடைய வினாக்களையும் வைத்திருப்பதை ஏற்கிறார்கள். அது சரியான பேரமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

எஸ்என்ஐ பெயரை மறைக்கும் இசிஎச் என்ற முறையை 2023 முதல் முன்னணி உலாவிகள் ஏற்கின்றன. ஆனால் தளத்தின் சர்வரும் அதை ஆதரிக்கவேண்டும். இரண்டும் அமைந்தால் எங்களுக்கு மிஞ்சுவது சேரும் ஐபி முகவரி. பல்லாயிரம் தளங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும் பெரிய வினியோக வலையமைப்பு என்றால் அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. தனி சர்வரில் இருக்கும் தளம் என்றால் முகவரியே பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எல்லாம் அமைந்த பிறகும் பொட்டலங்களின் அளவும் இடைவெளியும் மறைவதில்லை. காணொளிச் சேவைகள் படத்தைச் சில நொடித் துண்டுகளாக அனுப்புகின்றன. காட்சியில் அசைவு மிகுந்தால் துண்டு பெரிதாகும், அமைதியான காட்சி என்றால் சிறிதாகும். எனவே ஒவ்வொரு படத்துக்கும் துண்டுகளின் அளவு வரிசை தனித்தன்மை உடையது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, குறியாக்கம் செய்யப்பட்ட நெட்ஃபிளிக்ஸ் போக்குவரத்தின் அளவுகளை மட்டும் பார்த்து, முன்பே தயாரித்து வைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தப் படம் ஓடுகிறது என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது. எந்தச் சேவை வழங்குநரும் இதை அன்றாடம் செய்வதாகச் சொல்லவரவில்லை. செய்ய விரும்பினால் குறியாக்கம் மட்டும் அதைத் தடுக்காது.

பழம்பதிவு எழுதியது:

இதோடு ரவுட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கொடுத்த ரவுட்டரை வீட்டில் வைத்திருப்பவர்கள், அதைத் தொலைவிலிருந்தே இயக்கும் டிஆர்-069 என்ற நெறிமுறை அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். மென்பொருளைப் புதுப்பிக்கவும் பழுது பார்க்கவும் அது உதவுகிறது என்பது உண்மை. வீட்டுக்குள் எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன, அவற்றின் பெயர்கள் என்ன என்பதையும் அதன் வழியாகக் கேட்டறிய முடியும். கம்பியில் போவதை எவ்வளவு மறைத்தாலும் கம்பியின் இந்த முனையில் இருக்கும் பெட்டி அவர்களுடையதாகவே இருக்கிறது.

அகல்விளக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கண்காணிப்பு என்ற ஒரே பெயரில் நான் குழப்பிக்கொண்டிருந்தவை தனித்தனியாகத் தெரிகின்றன. இந்த இழையைப் படித்த பிறகு அந்த மின்னஞ்சலை மறுபடியும் திறந்து பார்த்தேன். முடிச்சவிழ் சொன்னபடியே கோப்பின் பெயரும், இன்ஃபோஹாஷும், ஐபி முகவரியும், நேரமும் இருக்கின்றன. நேரத்துக்குப் பக்கத்தில் யுடிசி என்று இருக்கிறது. போர்ட் எண் எங்கும் இல்லை. எங்கள் ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.72 என்று தொடங்குகிறது. மின்னஞ்சலில் இருக்கும் முகவரி முற்றிலும் வேறு. வீட்டில் ஒருவர் இறக்கியதை ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதால் தவறான புகார் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லும் நாளும் மின்னஞ்சலில் உள்ள நாளும் பொருந்தவில்லை. இது எப்படி?

கம்பிவழி எழுதியது:

நாள் பொருந்தாததற்கு யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். நள்ளிரவை ஒட்டிய நேரம் என்றால் தேதி ஒன்று முன்னே பின்னே போகும். மாற்றியும் பொருந்தவில்லை என்றால் அடுத்ததைப் பார்க்கவேண்டும்.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் பொது இணையத்தில் செல்லுபடியாகாதவை. சேவை வழங்குநரின் உள்வலைக்கென்று 2012-இல் ஒதுக்கப்பட்டவை. உங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது என்றால், ஒரே பொது ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சிஜிநாட் முறைக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அந்த முறையில் ஒரு பொது முகவரிக்கு ஒரே நேரத்தில் பலர் உரியவர்கள். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது போர்ட் எண் மட்டுமே. இதனால்தான் ஐபி முகவரியோடு போர்ட் எண்ணையும் துல்லியமான நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுமாறு சர்வர் நடத்துவோருக்கு 2011-லேயே பரிந்துரைத்தார்கள். போர்ட் எண் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு, அத்தனை பேரில் உங்களைத்தான் என்று எப்படித் தேர்ந்தார்கள் என்பதை நிறுவனம் விளக்கவேண்டும். உரிமையாளர் அனுப்பிய மூலப் புகாரில் போர்ட் எண் இருந்து, உங்களுக்கு அனுப்பிய நகலில் மட்டும் விட்டுப்போயிருக்கவும் கூடும்.

சேர்ந்த இடத்தின் முகவரியை வைத்துத் தேடிப் பிடிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அப்படிச் செய்யவேண்டும் என்றால் ஒவ்வொரு சந்தாதாரரும் எந்தெந்த முகவரிகளோடு தொடர்புகொண்டார் என்ற முழுப் பட்டியலை அவர்கள் வைத்திருக்கவேண்டும். உங்கள் முதல் இடுகையில் நீங்கள் அஞ்சியது அந்தப் பட்டியலைத்தான். ஆகவே நிறுவனத்திடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மூலப் புகாரின் நகல், அதில் போர்ட் எண் இருந்ததா என்பது, இல்லையென்றால் எந்தப் பதிவை வைத்து உங்களை அடையாளம் கண்டார்கள் என்பது. மூன்றாவது கேள்விக்கு வரும் விடையிலிருந்து அவர்கள் எதையெல்லாம் எழுதிவைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் அழைத்துக் கேட்காதீர்கள். எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே பதில் கேளுங்கள். பதில் வந்தால் பெயர், முகவரி விவரங்களை நீக்கிவிட்டு இங்கே பகிருங்கள். போர்ட் எண் இல்லாத புகார்களை மற்ற நிறுவனங்கள் எப்படிக் கையாள்கின்றன என்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.